மூணாவது அடி

…அந்தக் கட்டைவிரல்தான் சார்! அந்தக் கட்டைவிரலைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்களைச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க, பொதுவா சொல்றேன். கடைக்கு வர்றவங்க அத்தனை பேரும், ஏதோ பழம் பழுத்துடுச்சான்னு பாக்குற மாதிரி, மெத்தையைக் கட்டைவிரலால ஒரே ஒரு அமுக்கு. "ம்ம்… நல்லாருக்கு. கட்டிக் குடுங்க." ஏன் சார், வீட்டுக்குப் போய் கட்டைவிரல் மட்டுமா தூங்கப் போகுது? மொத்த ஆளும்தானே தூங்கணும்? அப்புறம் ஒரு மாசம் கழிச்சு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. மெத்தை சரியில்லையாம். என்கிட்ட சண்டை!

படுங்க சார். செருப்பைக் கழட்டிட்டு நல்லா காலை நீட்டிப் படுங்க. அட, இதுல என்ன வெக்கம்? மேடம் பக்கத்துக் கடைக்கு ஜன்னல் திரை பாக்கப் போயிருக்காங்க, எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். இன்னும் கொஞ்சம் மேல… ஆங். தலை இங்க. எந்தப் பக்கம் வலின்னு சொன்னீங்க? இடது பக்கமா? அப்ப மல்லாக்கவே படுங்க. பத்து நிமிஷம் அசையாம இருந்தாத்தான் மெத்தையோட லட்சணம் தெரியும். நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்குப் படுத்திருங்க.

இவன் என்னடா, மெத்தை விக்கிறவன் பெரிய டாக்டர் கணக்கா பேசறான்னு பாக்குறீங்களா? சார், பதினோரு வருஷம், ஆளுங்க மல்லாக்க விழறதைப் பக்கத்துலயே குப்புறப் படுத்துப் பாத்தவன் நான். நூத்திப்பத்து கிலோ, நூத்தி முப்பது கிலோ, எல்லாம் என் மூக்குக்குப் பக்கத்துல வந்து விழும். எவன் எப்படி விழுந்தா எங்க வலிக்கும்னு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

என் மூஞ்சியை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. ரெஃப்ரி மூஞ்சியை எவன் சார் ஞாபகம் வச்சுக்கறான்? கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை வேணா ஞாபகம் இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, டிவில குஸ்தி, 'புயல்', 'கரடி'… ஆங்! கண்ணு முழிச்சீங்க பாருங்க! அதே கம்பெனிதான் சார். அதே ரெஃப்ரிதான். இப்ப உங்களுக்குத் தலைகாணி வச்சு விடறேன். எல்லாம் என் நேரம்.

அந்தக் கம்பெனி ஏன் படுத்துச்சுன்னு ஊர்ல ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. ஒண்ணையும் நம்பாதீங்க. நான் உள்ள இருந்தவன், நான் சொல்றேன்.

முதலாளி மொதல்ல உடற்பயிற்சிக் கூடம்தான் வச்சிருந்தாரு. பக்கத்துல ஒரு கிடங்கு, ஒடஞ்ச அலமாரி எல்லாம் போட்டு வச்ச இடம். அதைக் காலி பண்ணி நடுவுல ஒரு மேடை கட்டி, நாலு மூலையிலயும் கம்பம் நட்டு, கயிறு கட்டினாரு. மொத நாள் கூட்டம் எத்தனை பேருன்னு சொல்லுங்க பாப்போம்… பதினேழு! அதுல ஒம்போது பேரு பயில்வானுங்களோட பொண்டாட்டிங்க. ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவரு. மழை விட்டதும் போயிட்டாரு.

மேடைக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா? நீங்க படுத்திருக்கீங்களே, இதே சரக்குதான். இந்தக் கடை ஓனர்தான் அப்பவே ஸ்பாஞ்ச் குடுத்தது. அடியில இரும்புச் சட்டம், நடுவுல ஒரு பெரிய ஸ்பிரிங், அது மேல மரப்பலகை, பலகை மேல ரெண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச், அதுக்கு மேல இழுத்துக் கட்டின கித்தான். பலகைக்கு அடியில ஒரு மைக் ஒளிச்சு வச்சிருப்போம். ஆளு தொப்புன்னு விழுந்தா உங்க வீட்ல டமார்னு கேக்கும். அதுக்காக வலிக்காதுன்னு நினைச்சுடாதீங்க. யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே எழுதி வச்சிருப்போம், அது வாஸ்தவம். ஆனா விழறது நெசம் சார். விழறதுக்கு வேற வழியே கிடையாது.

ஜனங்களுக்கு இது தெரியாதாங்கறீங்களா? எல்லாருக்கும் தெரியும்! மொத வரிசையில உக்காந்து தொண்டை கிழியக் கத்தறாரே, அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறதுல ஒரு மரியாதை இருக்கு. நாங்க உங்களை ஏமாத்தல, நீங்களும் ஏமாறல, ரெண்டு பேரும் சேந்து ஒரு மணி நேரம் நல்லாருந்தோம். அவ்வளவுதான். அதை ஒருத்தன் வாயை விட்டுச் சொல்லிட்டான்னா போச்சு. அதுக்கப்புறம் மேடையில நிக்கறது ஜட்டி போட்ட நாலு தடிப்பசங்க, வேற ஒண்ணும் இல்ல.

திரும்பாதீங்க சார், மல்லாக்கவே. இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல கையை விட்டுப் பாருங்க. போகலயே? அப்ப உங்களுக்கு இதான்.

நான் எப்படி உள்ள போனேன்னா, கரடி இருக்காரே, கரடி… அவரு எங்க அக்கா வீட்டுக்காரரு! ஆமா சார், சொந்த மச்சான். இதை அன்னிக்கு வெளியில சொல்லியிருந்தா என்னைத் தொலைச்சுக் கட்டியிருப்பாங்க. நான் அப்ப ஜவுளிக்கடையில, பொம்பளைங்க பிரிச்சுப் போட்டுட்டுப் போற புடவையை எல்லாம் மடிச்சு வைக்கிற வேலை. முன்னால இருந்த ரெஃப்ரி நல்லா வாட்டசாட்டமா இருந்தாரு. அவரு பக்கத்துல நின்னா பயில்வானுங்க எல்லாம் சோப்ளாங்கி மாதிரி தெரியறாங்கன்னு டிவிக்காரங்க குறை சொல்லிட்டாங்க. பொடியா ஒரு ஆளு வேணும்னு முதலாளி தேடியிருக்காரு. மச்சான் சொன்னாராம், "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு"ன்னு. ஒண்ணு! ஏதோ ஸ்டூல் இருக்குன்னு சொல்ற மாதிரி!

சரி, ரெஃப்ரி வேலைன்னா என்னன்னு நினைக்கிறீங்க? கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒண்ணையும் பாக்காம இருக்கறதுதான் வேலை. ஒருத்தன் நாற்காலியைத் தூக்கும்போது நான் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருக்கணும். பதினோரு வருஷத்துல நான் ஒரு நாற்காலியைக்கூடப் பாத்ததில்ல சார்! ஜனங்க "பின்னாடி பாருடா, பின்னாடி பாருடா, குருட்டுப் பயலே!"ன்னு அலறுவாங்க. நான் எல்லாப் பக்கமும் திரும்புவேன், பின்னாடி மட்டும் திரும்ப மாட்டேன். ஒரு தடவை மார்க்கெட்ல ஒரு அம்மா என்னை நிறுத்தி, "கண்ணைக் காட்டிக்கப்பா, நல்ல டாக்டரா பாத்து"ன்னு உருக்கமா சொல்லிட்டுப் போனாங்க.

காதுல ஒரு குட்டி மெஷின் இருக்கும். உள்ளங்கைக்குள்ள மறைஞ்சுடும், அவ்வளவு சின்னது. முதலாளி உள் ரூம்ல உக்காந்து அதுல பேசுவாரு. பேசறதுன்னா என்ன, கத்தறதுதான். மெஷினைக் கழட்டிக் கையில வச்சாலும் அவரு குரல் கேக்கும். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, முடிக்கச் சொல்லு"ம்பாரு. நான் போய்க் குனிஞ்சு, ஏதோ மிரட்டற மாதிரி விரலை ஆட்டிக்கிட்டு, கீழ கெடக்கறவன் காதுல சொல்லுவேன். அவன் வலியில துடிக்கிற மாதிரி முனகிக்கிட்டே, "சரிண்ணே"ம்பான்.

இதுல முக்கியமானது என்னன்னா… இதைக் கவனிங்க சார், இதான் எல்லாத்துக்கும் மூலம்… எண்ணிக்கை. ஒருத்தனைப் போட்டு அமுக்கினா, ரெஃப்ரி பக்கத்துல விழுந்து தரையைத் தட்டணும். ஒண்ணு… ரெண்டு… மூணு தட்டிட்டா ஆட்டம் முடிஞ்சுது. தோக்கக் கூடாதவன் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல தோளைத் தூக்கிடணும். ஆனா அவன் எப்படி சார் தூக்குவான்? மல்லாக்கக் கெடக்கான், மூஞ்சி மேல நூத்தி முப்பது கிலோ. அவனுக்கு என் கை எங்க தெரியப் போகுது? அதனால எங்க தொழில்ல ஒரு வழக்கம். ரெஃப்ரி கைதான் தோளுக்காகக் காத்திருக்கும். மேல தூக்கின கை, தோள் அசையறவரைக்கும் இறங்கவே இறங்காது. பாக்கறவங்களுக்கு மயிரிழைல தப்பிச்ச மாதிரி இருக்கும். அது மயிரிழை இல்ல சார், என் கை. பதினோரு வருஷம் என் கை ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்ல.

இதைப் போய் எங்க அக்காகிட்ட சொல்ல முடியுமா? அவளுக்கு இது தெரியாதுன்னு இல்ல. வீட்லயே கரடியை வச்சிருக்கறவ, அவளுக்குத் தெரியாதா? ஆனா அவ நியாயம் வேற. "வாராவாரம் எம் புருஷன் தோக்கறாரு. யாரு கையால? எங்கூடப் பொறந்தவன் கையால!"ம்பா. நான், "அக்கா, அது என் கையில இல்லக்கா"ம்பேன். "பின்ன தரையைத் தட்டுதே, அது எவன் கை?"ம்பா. டிவில தெளிவா தெரியுது, என் கைதான். வாட்சுகூட என்னோடதுதான்.

அதுவும் நான் அவங்க வீட்டுக்குப் போறதே பெரும் பாடு. கரடியும் ரெஃப்ரியும் உறவுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். கம்பெனி உத்தரவு, வாசல் வழியாப் போகக் கூடாது. பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சுதான் எங்க அக்கா கையால சாப்பிட்டிருக்கேன். எத்தனை பேன்ட் கிழிஞ்சிருக்கு! மச்சான் சோத்துத் தட்டோட கொல்லைப்பக்கம் நின்னுக்கிட்டு, "மெதுவா இறங்குடா, முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு"ன்னு சொல்லிக் குடுப்பாரு. விழறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது சார். அந்த உடம்பை வச்சுக்கிட்டு, துணி காத்துல நழுவி விழற மாதிரி விழுவாரு. தோக்கறதைத் தொழிலா எடுத்துக்கிட்டவரு. "எவன் வேணா ஜெயிக்கலாம்டா, ஒருத்தன் ஜெயிச்ச மாதிரி காட்டறதுதான் கஷ்டம்"ம்பாரு.

பாவம், ஊரே அவரைத் திட்டும். கம்பெனி ஓஹோன்னு இருந்த காலத்துல பாத்திருப்பீங்களே, புயல் மூஞ்சி போட்டு பென்சில் டப்பா, துண்டு, தண்ணி பாட்டில், பொம்மை… கரடி மூஞ்சி போட்டு ஒரே ஒரு சாமான்தான் வந்துச்சு. மிதியடி. வாசல்ல போட்டு எல்லாரும் மிதிக்கறதுக்கு. எங்க அக்கா என்ன பண்ணா தெரியுமா? கடை கடையா ஏறி இறங்கி, கிடைச்ச மிதியடியை எல்லாம் வாங்கிட்டு வந்து அலமாரில வச்சுப் பூட்டிட்டா. ஒருத்தன் மிதிக்கக் கூடாதாம். கம்பெனிக்காரங்க, கரடி மிதியடி அமோகமா விக்குதுன்னு மறுபடியும் அடிச்சாங்க. அதையும் போய் வாங்கினா!

சிரிக்காதீங்க சார், மெத்தை குலுங்குது.

அப்புறம் இறங்குமுகம். யாரால? எல்லாராலயும்தான்! புயல் பெரிய ஆளாயிட்டாரு. தோள் வரைக்கும் முடி வளத்து, ஷாம்பு விளம்பரத்துல வேற வந்துட்டாரு. அதுக்கப்புறம் அவரு தோக்க மாட்டாராம். மூணு வருஷம் தோக்கல சார்! எவன் பாப்பான்? எதிர் சேனல்ல அதே நாலு மணிக்குப் பாட்டுப் போட்டி போட்டான், ஜனம் அந்தப் பக்கம் போயிடுச்சு. முதலாளி பயந்து போய், சீரியலுக்குக் கதை எழுதற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. அவரு வந்து புயலுக்கு ஞாபக மறதி வர வச்சாரு. அப்புறம் ஒரு மாமியாரைக் கொண்டாந்தாரு. மேடை நடுவுல மாமியார் சார்! பயில்வானுக்கு! உள்ளதைச் சொல்லணும்னா அந்த அம்மாவுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

அதுவும் புளிச்சுப் போச்சு. கடைசியா ஒரு யோசனை பண்ணாங்க. பெரிய மைதானம், நேரடி ஒளிபரப்பு, முடிக்கு முடி. அதாவது, தோத்தவனுக்கு அங்கயே, மேடையிலயே, எல்லார் முன்னாடியும் மொட்டை. கரடிக்கும் புயலுக்கும். யாருக்கு மொட்டைன்னு எழுதியிருப்பாங்கன்னு சொல்லணுமா? ஷாம்பு விளம்பரத்துல வர்றவருக்கா அடிப்பாங்க?

எங்க மச்சானுக்கு முடின்னா உசுரு சார். இடுப்புக்கு ஒரு சாண் மேல வரைக்கும் இருக்கும். வாராவாரம் அக்காதான் எண்ணெய் தேச்சு, சிக்கெடுத்து, பின்னி விடுவா. ஊரே கரடின்னு திட்டினாலும் அந்த ஒரு மணி நேரம் வீட்ல அவரு ராஜா மாதிரி உக்காந்திருப்பாரு. முதலாளி வந்து கேட்டப்ப, மச்சான், "கம்பெனிக்கு நல்லதுன்னா எடுத்துக்குங்க"ன்னாரு. முட்டி வேற போயிடுச்சு, அதான் அவருக்குக் கடைசி ஆட்டம்.

அன்னிக்கு என்ன ஆச்சுங்கறது ஊருக்கே தெரியும். கரடி புயலைப் போட்டு அமுக்கினாரு. நான் விழுந்து தட்டினேன். ஒண்ணு, ரெண்டு… புயல் தோளைத் தூக்கணும், எந்திரிக்கணும், கரடியைத் தூக்கிப் போடணும், அதான் எழுதியிருந்துச்சு. மூணு தட்டிட்டேன். மணி அடிச்சுட்டாங்க. கரடி ஜெயிச்சாச்சு! நேரடி ஒளிபரப்பு, அழிக்க முடியுமா? நாற்காலியைக் கொண்டாந்து போட்டுட்டாங்க, முடிவெட்டறவரு கத்தரியோட மேடை ஏறிட்டாரு. அவருக்குக் கதை எதுவும் தெரியாது பாவம், தோத்தவர் தலையைத் தேடறாரு. புயல் தலையில கையை வச்சுக்கிட்டு மேடையைச் சுத்திச் சுத்தி ஓடறாரு, இவரு கத்தரியோட பின்னாலயே ஓடறாரு. கடைசில புயல் மைக்கைப் புடுங்கி, உலகத்துக்கே கேக்கற மாதிரி, "டேய்! இப்படியா எழுதியிருந்துச்சு? நான்தானடா ஜெயிக்கணும்!"னு கத்தினாரு பாருங்க…

அவ்வளவுதான். மைதானத்துல கத்திக்கிட்டிருந்தவங்க எல்லாம் அப்படியே உக்காந்துட்டாங்க. கோவம்கூட வரல சார் அவங்களுக்கு, கூச்சமா ஆயிடுச்சு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காம எந்திரிச்சுப் போனாங்க. அடுத்த வாரம் ஷாம்புக்காரன் போனான், அதுக்கடுத்து சேனல்காரன் போனான். நாலே மாசம், கம்பெனிக்குப் பூட்டு. நாப்பத்திரண்டு பேருக்கு வேலை போச்சு.

எல்லாம் அந்தக் காது மெஷினால வந்த வினை! "மெஷின் செத்துப் போச்சு, முதலாளி நிறுத்துன்னு சொன்னது ரெஃப்ரிக்குக் கேக்கல"ன்னு எல்லாருக்கும் தெரியும். மட்டமான மெஷின். அதைப் போய் ஒழுங்கா ஒண்ணு வாங்கிப் போடக் கூடாதா? நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்… என்ன சார்? சார்…?

தூங்கிட்டாரு.

நல்லா தூங்கறாரு. வாயைத் தொறந்துக்கிட்டு. இதான் சார் நல்ல மெத்தைக்கு அடையாளம். ம்… மேடத்தையும் காணோம். கடையிலயும் யாரும் இல்ல. மச்சான் கிடங்குல சரக்கு எடுக்கப் போயிருக்காரு. ஆமா, அவரும் இங்கதான். மூட்டை மாதிரி மெத்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறுவாரு. முடியை மட்டும் சுருட்டி ஒரு கொண்டை.

தூங்கற ஆள்தானே, சொல்லிடறேன். அஞ்சு வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு சார்.

மெஷின் சாகல.

மெஷின் கிண்ணுன்னு வேலை செஞ்சுது. "நிறுத்து! நிறுத்துடா பாவி!"ன்னு முதலாளி கத்தினது ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. கேட்டும்தான் தட்டினேன். என் கையாலதான்.

எங்க அக்கா ஒரு நாளும் ஆட்டம் பாக்க வந்ததில்ல சார். அன்னிக்கு வந்திருந்தா. மொத வரிசையில. சுத்தி உக்காந்தவங்க எல்லாம் "மொட்டை அடி! கரடிக்கு மொட்டை அடி!"ன்னு கத்தறாங்க, இவ நடுவுல உக்காந்திருக்கா. நான் ரெண்டு தட்டிட்டுக் கையைத் தூக்கினேன். தூக்கினப்ப அவ தெரிஞ்சா. அவ மடியில ஒரு கம்பளிக் குல்லா. புதுசு, அதுல ஒட்டின விலைச் சீட்டைக்கூடப் பிரிக்கல. ஆட்டம் முடிஞ்சதும் அவரு தலையில போட்டு மூடிக் கூட்டிட்டுப் போறதுக்கு வாங்கிட்டு வந்திருக்கா. அதை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டிருந்தா. அதைப் பாத்த கை, காத்திருக்கல சார். இறங்கிடுச்சு. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை.

அதை வெளியில சொல்ல முடியுமா? நாப்பத்திரண்டு பேரு! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? இதுல கொடுமை என்னன்னா, எங்க அக்கா அஞ்சு வருஷமா என்னைப் பாக்கறப்ப எல்லாம் ஒண்ணு சொல்லுவா. "எம் புருஷன் ஒரு தடவை ஜெயிச்சாரு. அதுவும் ஒரு மெஷின் புண்ணியத்துல. அந்த மெஷினுக்கு இருந்த இரக்கம்கூட எங்கூடப் பொறந்தவனுக்கு இல்ல"ம்பா. சோத்தைப் போட்டுக்கிட்டே சொல்லுவா சார்! நான் மென்னு முழுங்கிக்கிட்டு, "ஆமாக்கா, குழம்பு நல்லாருக்கு"ம்பேன்.

மச்சானுக்கும் தெரியாது. அவருதானே மொதல்ல மெஷின்னு சொன்னதே! நான் மேடையிலயே நிக்கறேன். அவரு எந்திரிச்சு வந்து, என்னையே ஒரு நிமிஷம் பாத்துட்டு, என் காதுல இருந்த மெஷினைப் புடுங்கித் தரையில போட்டு, பூட்ஸ் காலால நச்சுன்னு மிதிச்சு, ஓடி வந்த ஆளுங்ககிட்ட, "மெஷின் செத்துப் போச்சு, இவனுக்கு ஒண்ணும் கேக்கல"ன்னாரு. நான் சொல்லவே இல்ல சார், அவரா நினைச்சுக்கிட்டாரு. அவரு கையில எடுத்தப்பகூட அது கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. முதலாளி குரல், "ஏண்டா தட்டின, ஏண்டா தட்டின"ன்னு, அவரு உள்ளங்கைக்குள்ளயே…

…

இருங்க.

அவரு உள்ளங்கைக்குள்ளயே கத்திக்கிட்டிருந்துச்சு. என் காது வரைக்கும் கேட்டுச்சு. அப்ப அவருக்கு…

அய்யய்யோ.

அஞ்சு வருஷமா சார்! வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "நான் ஜெயிச்ச கதை தெரியுமா, ஒரு மெஷின் செத்துப் போச்சு"ன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவாரு. நான் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன். பாவம் மனுஷன் ஏமாந்துட்டாரேன்னு நான் அவருக்காக வருத்தப்பட்டுக்கிட்டு… நான் குருடன் வேஷம் போட்டவன் இல்ல சார். நெஜக் குருடன். அந்த மார்க்கெட் அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

சார், நீங்க நெஜமாவே தூங்கறீங்கள்ல? மூச்சு சத்தம் நின்ன மாதிரி இருக்கே. எதுக்கும் பாத்துடறேன், பழைய பழக்கம். இப்படிப் பக்கத்துல குப்புறப் படுத்து… ஒண்ணு… ரெண்டு…

தூக்கிட்டீங்களே சார் தோளை!

அப்ப முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்களா? எப்பத்துலேருந்து? குல்லாலேருந்தா? தூங்கவே இல்லையா! நல்லா ஏமாத்தினீங்க. ஞாயித்துக்கிழமை தவறாம பாத்தவரு நீங்க, இல்லாட்டி ரெண்டரைக்குத் தோளைத் தூக்கணும்னு யாருக்குத் தோணும்? சிரிப்பு வேற…

சரி, கேட்டுட்டீங்க. ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இந்த மெத்தையை உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரப்போறது அவருதான். மாடி ஏறி வந்து ஒரு சொம்பு தண்ணி கேப்பாரு. குடிச்சுட்டு அந்த மெஷின் கதையை எடுப்பாரு. கேட்டுக்குங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அன்னிக்கு எல்லாம் உக்காந்து பாப்பீங்கள்ல, அதே மாதிரி. உங்களுக்கு அது ஒண்ணும் புதுசு இல்லையே.

வர்றாரு, வர்றாரு. படுங்க சார், படுங்க… வாங்க மச்சான்! பாத்து, கதவுல கொண்டை இடிக்கும், குனிஞ்சுக்குங்க… இல்ல, கண்ணுல தூசி, ஒண்ணும் இல்ல. சாருக்கு இந்த மெத்தை புடிச்சுப் போச்சு. சாரு நம்ம ஆட்டம் எல்லாம் பாத்தவராம். அந்த மெஷின் கதையைக் கேக்கறாரு. எனக்குச் சரியா சொல்ல வரல… நீங்களே சொல்லுங்க மச்சான்.